மதுரை வட்டாரத்தில் நம்பகமான தோட்டக்காரரைத் தேடி அமர்த்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பாலை, நாகமலை புதுக்கோட்டை, ஒத்தக்கடை, திருநகர் என மதுரையைச் சுற்றி வீடு கட்டுகிறவர்களில் பலர் இப்போது மனை முழுவதையும் சிமெண்டால் மூடிவிடாமல், முன்புறமோ பக்கவாட்டிலோ கொஞ்சம் மண்ணை விட்டு வைக்கிறார்கள். அந்த இடத்தில் தோட்டம் போட ஆள் தேடும்போது எழுகிற கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. 200 சதுர அடி முதல் 10 சென்ட் வரையிலான வீட்டுத் தோட்டங்களை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டன. பண்ணை வீடுகளுக்கும் கல்லூரி வளாகங்களுக்கும் கணக்கு வேறு.

தோட்டக்காரர், நர்சரிக்காரர், லேண்ட்ஸ்கேப் நிறுவனம் என்று மூவகையினர் இருக்கிறார்களே, யாரை அழைப்பது?

வேலை எத்தகையது என்பதைப் பொறுத்தே இதை முடிவு செய்ய வேண்டும். களை எடுக்கவும், பாத்தி கட்டவும், பத்து இருபது செடி நடவும் தினக்கூலிக்கு வரும் அனுபவமுள்ள ஒரு தோட்டக்காரரே போதும். மண் கொட்டிச் சமன்படுத்துவது, புல் பதிப்பது, செடிகள் வாங்கி வந்து நடுவது ஆகிய மூன்றும் சேர்ந்த வேலையென்றால், சொந்தமாக நாற்றுப்பண்ணை வைத்திருந்து ஒப்பந்தத்துக்கும் வேலை எடுப்பவர்கள் வசதியானவர்கள். செடி செத்தால் மாற்றித் தர அவர்களிடம் செடி இருக்கும் என்பது கூடுதல் நன்மை. ஆனால் தன் பண்ணையில் விற்காமல் தேங்கிக் கிடக்கிற செடிகளையே நம் வீட்டுக்குப் பொருத்தமானவை என்று சொல்லிவிடும் சபலமும் அவர்களுக்கு இருக்கும் என்பதால், செடிப் பட்டியலை நாமே ஒருமுறை சரிபார்க்க வேண்டும். நடைபாதை, மழைநீர் வடிகால், விளக்கு, சொட்டுநீர்க் குழாய் எல்லாவற்றையும் வரைபடம் போட்டுச் செய்ய வேண்டியிருந்தால்தான் நிறுவனம் தேவை. 500 சதுர அடி இடத்துக்கு நிறுவனத்தை அழைப்பது என் பார்வையில் வீண் செலவு.

எங்கே போய்த் தேடுவது?

முதலில் உங்கள் தெருவிலேயே நடந்து பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலிலும் வாடாமல் நிற்கிற ஒரு தோட்டம் கண்ணில் பட்டால், வாயிற்கதவைத் தட்டி, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்பதில் தவறில்லை. தோட்டம் வைத்திருப்பவர்கள் பொதுவாக அந்தக் கேள்வியால் மகிழ்ச்சிதான் அடைவார்கள். அடுத்தபடியாக, பழைய கல்லூரி, மருத்துவமனை, பள்ளி வளாகங்களில் பல ஆண்டுகளாகத் தோட்ட வேலை செய்து ஓய்வு பெற்றவர்களில் சிலர் வீட்டு வேலைகளும் எடுத்துச் செய்கிறார்கள். பெரிய மரங்களையும் பழைய மண்ணையும் பழகிய கைகள் அவர்களுடையவை.

நாற்றுப்பண்ணைகளில் கேட்பது மற்றொரு வழி. அங்கே செடி வாங்கும்போது, ஒரே வாரத்தில் பலமுறை வந்து செடி எடுத்துப் போகும் தோட்டக்காரர்கள் யார் என்பதைப் பண்ணைக்காரரே சொல்லுவார். ஒத்தக்கடை அருகே யானைமலை அடிவாரத்தில் இயங்கும் வேளாண்மைக் கல்லூரி 1965 முதல் இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையமும் அதே வளாகத்தில்தான் உள்ளது. அங்கே ஆள் அனுப்பி வைக்க மாட்டார்கள் என்றாலும், எந்தச் செடி இந்த மண்ணுக்கு ஏற்றது, நோய் கண்ட இலைக்கு என்ன செய்வது போன்ற கேள்விகளுக்கு யாருடைய வியாபார நோக்கும் கலக்காத பதில் கிடைக்கும். பூஞ்சுத்தியில் உள்ள அரசு தோட்டக்கலைப் பண்ணையில் விசாரித்தால் கன்றுகளின் விலை எவ்வளவு என்பது பற்றி ஒரு மதிப்பும் கைக்கு வந்துவிடும்.

இணையத்தில் வரும் விளம்பரங்களையும் வாட்ஸ்அப்பில் வரும் படங்களையும் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ளுங்கள். பெங்களூருவிலோ ஊட்டியிலோ எடுத்த படத்தைத் தன் வேலை என்று அனுப்புபவர்கள் உண்டு. மதுரை வெயிலில் வளராத பூக்கள் அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

முதல் சந்திப்பிலேயே வேலை தெரிந்தவரா என்று எப்படிக் கண்டுகொள்வது?

அவர் பேசுவதைவிட அவர் கேட்பதைக் கவனியுங்கள். வேலை தெரிந்தவர் செடியைப் பற்றிப் பேசுமுன் தண்ணீரைப் பற்றிக் கேட்பார். போர்வெல் எத்தனை அடி, தண்ணீர் உப்பா, வாளியில் வெள்ளைப் படிவு நிற்கிறதா, கோடையில் மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வீட்டில் யார் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பவை அவர் கேள்விகளாக இருக்கும். பிறகு மேற்குப் பக்கம் எது, பிற்பகல் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்ப்பார். அதன்பிறகு ஒரு கடப்பாரையோ மண்வெட்டியோ கேட்டு ஓரிரு இடத்தில் தோண்டிப் பார்ப்பார். கட்டுமானம் முடிந்த வீட்டில் மேலே அரை அடிச் செம்மண்ணும் அதற்குக் கீழே உடைந்த செங்கல், சிமெண்ட் கட்டி, கம்பித் துண்டுகளும் இருப்பது வழக்கம் என்பதை அவர் அறிந்திருப்பார். இந்த மூன்றையும் செய்யாமல், வந்து நின்ற ஐந்தாவது நிமிடத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்பவரை நான் அமர்த்த மாட்டேன்.

நாமும் அவரிடம் சில கேள்விகள் கேட்கலாம். மதுரைக்காரரிடம் கேட்க மிகப் பொருத்தமான கேள்வி, குண்டுமல்லிக்குக் கவாத்து எப்போது செய்வீர்கள் என்பதுதான். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வளர்க்கும் ஊரில் தோட்ட வேலை செய்பவருக்கு, நவம்பர் கடைசி வாக்கில், அதாவது கார்த்திகையில், தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். செடி பூத்துக் குலுங்கும் பங்குனியில் வெட்டலாம் என்று சொன்னால் அவர் மல்லிகையைப் பார்த்திருக்கிறார், வளர்த்ததில்லை. தென்னைக்குத் தென்னை எவ்வளவு இடைவெளி வேண்டும் என்றும் கேட்கலாம். 25 அடி என்பதே பொதுவான பரிந்துரை. 30 அடி அகல மனையில் நான்கு தென்னை வைத்துத் தருகிறேன் என்பவர் நான்கு கன்றுகளை விற்க நினைக்கிறார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதும், நீங்கள் ஆசைப்படுகிற ஒன்றை வேண்டாம் என்று மறுப்பதும் நல்ல அறிகுறிகள். நீங்கள் கேட்டதற்கெல்லாம் செய்துவிடலாம் சார், செய்துவிடலாம் அம்மா என்று தலையாட்டுபவரிடம் சற்று எச்சரிக்கை தேவை.

அவர் முன்பு செய்த வேலையை நேரில் பார்ப்பது அவசியமா?

மிகவும் அவசியம். ஆனால் போன மாதம் முடித்த தோட்டத்தைக் காட்டினால் அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. புதிதாக நட்ட எந்தத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும். குறைந்தது ஒரு கோடையைக் கடந்த தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போனதும் புல்லின் நடுவே கோரை எவ்வளவு முளைத்திருக்கிறது, மரக்கன்றுகள் குச்சிக்கு வளைந்து நிற்கின்றனவா தாமாக நிற்கின்றனவா, சொட்டுநீர்க் குழாயின் முனைகளில் உப்பு அடைத்திருக்கிறதா, மழைநீர் சுவர் ஓரத்தில் தேங்கிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: வேலை முடிந்து பணம் வாங்கியபின் அழைத்தால் வந்தாரா?

சான்றிதழும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டுமா?

தோட்டக்காரருக்குக் கட்டாய உரிமம் ஏதும் இல்லை. தோட்டக்கலையில் பட்டயமோ சான்றிதழ்ப் படிப்போ முடித்தவர்கள் இருக்கிறார்கள். அது நல்லதுதான், ஆனால் இந்த வட்டாரத்தின் மிகச் சிறந்த தோட்டக்காரர்களில் பலர் சோழவந்தான், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், அவர்களிடம் காட்டுவதற்குக் காகிதம் இருக்காது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குக் கீழ் இருக்கும் சேவையாளர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே எண் இல்லை என்பதால் மட்டும் ஒருவரை ஒதுக்க வேண்டாம். மாறாக, பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாகத் தொகை சேர்ப்பவரிடம் 15 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும்.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்குவது நல்லது?

மதுரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மி.மீ. மழை பெய்கிறது; அதில் அதிகப் பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. ஆவணியில் மண்வேலையை முடித்து, புரட்டாசியில் மரக்கன்றுகளை நட்டுவிட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்துவிடும், தண்ணீர்ச் செலவும் பாதியாகும். மாசிக்குப் பிறகு புதிய தோட்டம் தொடங்குவது, கன்றுகளைக் கத்திரி வெயிலுக்குப் பலி கொடுக்கும் வேலை.

காலண்டரில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். தைப்பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களிலும், சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்திலும் ஆள் வருவார் என்று நம்பித் தேதி குறிக்காதீர்கள். சத்தியம் செய்திருந்தாலும் வரமாட்டார். சொந்தமாக வயல் உள்ளவர்கள் நடவுக்கும் அறுப்புக்கும் ஊருக்குப் போவார்கள். இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால் நாணயமானவரை நாணயமற்றவர் என்று தவறாக நினைக்க நேராது.

மண் வாங்குவதில்தான் ஏமாற்று அதிகம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், பெரும்பாலும் அளவில்தான் ஏமாற்று நடக்கிறது. மண்ணும் மணலும் யூனிட் கணக்கில் விற்கப்படுகின்றன; ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 1000 சதுர அடி இடத்தில் அரை அடி உயரத்துக்கு மண் பரப்ப 500 கன அடி, அதாவது 5 யூனிட் வேண்டும். கொட்டியபின் மண் படிந்து அமுங்கும் என்பதால் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். இந்தக் கணக்கை நீங்கள் போட்டு வைத்திருந்தால், லோடு கணக்கில் பேசும்போது வண்டித் தொட்டியின் நீள அகல உயரத்தை டேப்பால் அளந்து பார்த்துவிடலாம். லோடு என்பது வண்டிக்கு வண்டி மாறும், யூனிட் மாறாது.

அளவுக்கு அடுத்தபடியாக, மண் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேளுங்கள். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் மிகுந்த பகுதிகள். அந்த மண் மழையில் குழைந்து, கோடையில் பிளக்கும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் நீர் எளிதாக இறங்கும், ஆனால் அதில் சத்து குறைவாக இருக்கும். வைகைக் கரை வண்டல் அருமையானது. கண்மாய் மண் என்று சொல்லிக் கொண்டுவந்து கொட்டப்படுவதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. அதிகாரிகளின் அனுமதியின்றிக் கண்மாயில் மண் அள்ளுவது குற்றம். அனுமதி உண்டா என்பதை வாங்குகிற நாமும் கேட்க வேண்டும். மேலும் அந்த மண்ணோடு கோரைக்கிழங்கு வந்துவிட்டால், புல்தரைக்குள் ஆண்டுக்கணக்கில் அதைப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான், ஏனென்றால் மேலே உள்ள தாளைப் பிடுங்கினாலும் கிழங்கு கீழே தங்கி மறுபடி முளைக்கும். ஒரு கூடை மண்ணைச் சலித்துப் பார்த்துக் கருநிறக் கிழங்குகள் இருக்கின்றனவா என்று வண்டி இறங்குமுன் சோதிக்கும் தோட்டக்காரர் உங்களுக்குக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

தொழு உரமும் அப்படியே. நன்கு மக்கிய எருவில் சாண வாடை இருக்காது, கையில் பொலபொலவென்று உதிரும். பச்சைச் சாணத்தைக் கொட்டினால் சூடு கிளம்பி வேர் கருகும். வெள்ளைப் புழுக்களும் கரையானும் பின்னாலேயே வரும்.

முழுக்கப் புல்தரை போடச் சொல்லலாமா?

தண்ணீர் இருந்தால் போடலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்பது 1 லிட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மி.மீ. என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், 1000 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 93 சதுர மீட்டர் புல்லுக்குத் தினமும் 465 லிட்டர் வேண்டும். ஒரு வீட்டின் குடிநீர்த் தொட்டியில் பாதி அளவு அது. இந்தக் கணக்கைச் சொல்லாமல் மெக்சிகன் புல்லைப் பாயாக விரித்துவிட்டுப் போகிறவர் மார்ச் மாதத்தில் உங்கள் அழைப்பை எடுக்க மாட்டார். புல்லை 100 அல்லது 150 சதுர அடியோடு நிறுத்தி, மீதியில் தரைமூடும் செடிகளும் கூழாங்கல் பரப்பும் நிழல் மரமும் வைப்பதே இந்த ஊருக்கு ஏற்றது என்பது என் கருத்து. நிழல் விழும் இடத்தில் அறுகு வகைப் புற்கள் நிற்காது. பஃபலோ புல் ஓரளவு நிற்கும். புல்லைப் பாயாகப் பதிப்பதைவிடத் துண்டு துண்டாக நடுவது செலவு குறைவு, ஆனால் தரை மூட இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

எந்த மரம் வைப்பது என்பதைத் தோட்டக்காரரின் முடிவுக்கே விட்டுவிடலாமா?

ஆலோசனை கேளுங்கள், முடிவை நீங்களே எடுங்கள், ஏனென்றால் அந்த மரத்தோடு முப்பது ஆண்டு வாழப்போகிறவர் நீங்கள். சீக்கிரம் பச்சை தெரிய வேண்டும் என்பதற்காகக் கோனோகார்பஸ் செடியை வேலியாக வைத்துத் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை நடுவதற்குக் குஜராத் அரசு 2023-இல் தடை விதித்தது. அதன் வேரும், ஆல் அரசு இனத்தைச் சேர்ந்த பைகஸ் வகைகளின் வேரும் கழிவுநீர்க் குழாயையும் நிலத்தடித் தொட்டியையும் தேடிப்போகும். மகிழம், புன்னை, மந்தாரை, சரக்கொன்றை ஆகியவை வீட்டு மனைக்கு அடங்குபவை. இடம் தாராளமாக இருந்தால் வேம்பும் புங்கும் வைக்கலாம். கடம்பவனம் என்று பெயர் பெற்ற ஊரில் கடம்பு வைக்க ஆசைப்படுவது இயல்பே, ஆனால் அது பெரிய மரமாக வளரும், நீரும் நிறைய வேண்டும் என்பதை நினைவில் கொள்க.

குழி வெட்டுமுன், கழிவுநீர்த் தொட்டி, மழைநீர்ச் சேகரிப்புக் குழி, மின்சார எர்த் கம்பி ஆகியவை எங்கே இருக்கின்றன என்று தரையில் சுண்ணாம்பால் குறித்துக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். தோட்டம் போடும் உற்சாகத்தில் அந்தக் குழியை மண் போட்டு மூடிவிடும் வீடுகள் பல.

கட்டணம் எப்படிப் பேசுவது? முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

கூலி, பொருள், செடி ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பீடு கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் எதில் குறைக்கலாம் என்பது நமக்குத் தெரியாது, எதில் குறைத்தார் என்பதும் தெரியாது. மூன்று பேரிடம் கேட்டு, மிகக் குறைந்த தொகை சொன்னவரைத் தேர்ந்தெடுக்கும்முன் அவர் எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள். பெரும்பாலும் கட்டுமானக் குப்பையை அகற்றும் செலவும் எருவும் விடுபட்டிருக்கும்.

செடிக்கு விலை பேசும்போது பெயரோடு பையின் அளவையும் கன்றின் உயரத்தையும் குறிப்பிட வேண்டும். மாங்கன்று என்று மட்டும் எழுதினால் விதைக்கன்று வந்து நிற்கும். ஒட்டுக்கன்று, இன்ன ரகம், ஒட்டிய இடம் தெரிய வேண்டும் என்று எழுத வேண்டும்.

முன்பணம் கேட்பது நியாயமே, ஏனெனில் அவர் மண்ணும் செடியும் வாங்க வேண்டும். பொருட்களுக்குரிய தொகையை வாங்கும் இடத்துக்கே நேராகச் செலுத்துவது பாதுகாப்பானது. கூலியை மண்வேலை முடிந்ததும் ஒரு பகுதி, நடவு முடிந்ததும் ஒரு பகுதி என்று கொடுத்து, பத்தில் ஒரு பங்கை மூன்று மாதத்துக்குப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பிடித்து வைப்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்தபின் சொல்வது அநியாயம். தினக்கூலிக்கு வருபவருக்கு இந்த முறை பொருந்தாது, அவருக்கு அன்றன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். யுபிஐ வழியாகச் செலுத்தினால் தேதியும் தொகையும் தாமாகவே பதிவாகிவிடும்.

எதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்?

முத்திரைத்தாள் தேவையில்லை. ஒரு முழுத்தாளில் வேலைகளின் பட்டியல், தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள், தவணைகள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். எல்லோரும் எழுத மறக்கிற இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, நட்ட செடி எத்தனை நாளுக்குள் பட்டுப்போனால் யார் மாற்றித் தருவது என்பது. 90 நாள் என்று வைப்பது இருவருக்கும் பொதுவானது, தண்ணீர் ஊற்றாமல் நாம் சாகவிட்டால் அந்தப் பொறுப்பு நம்முடையது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டாவது, மிஞ்சிய குப்பையையும் தோண்டிய கல்லையும் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பது. பேசாமல் விட்டால் அது பக்கத்துக் காலி மனைக்குப் போகும். அந்த மனைக்காரர் உங்களிடம்தான் வருவார்.

மாதப் பராமரிப்புக்கு ஆள் வைப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

மாதத்துக்கு இத்தனை முறை வருவார் என்பதோடு, ஒவ்வொரு முறையும் என்ன செய்வார் என்பதையும் பேசிவிடுங்கள். களை எடுத்தல், புல் வெட்டுதல், கவாத்து, பாத்தி கொத்திவிடுதல், மாதம் ஒருமுறை எரு, சொட்டுநீர் வடிகட்டியைக் கழுவுதல் ஆகியவை வழக்கமான வேலைகள். தினசரித் தண்ணீர் இதில் சேராது, அது வீட்டார் பொறுப்பு. புல் வெட்டும் இயந்திரமும் பெட்ரோலும் யாருடையவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. அடிக்கடி வர விருப்பமில்லாதவர்கள் ஒட்ட மழித்துவிட்டுப் போவார்கள், அடுத்த வாரம் புல் பழுக்கும். முதல் இரண்டு மாதத்தைச் சோதனைக் காலமாகப் பேசி, அதன்பிறகு ஆண்டுக்கு ஒப்புக்கொள்வது இருவருக்கும் நல்லது.

மருந்து அடிக்க வேண்டும் என்று சொன்னால் சம்மதிக்கலாமா?

மருந்தின் பெயரையும் புட்டியையும் காட்டச் சொல்லுங்கள். பெயர் ஒட்டாத தண்ணீர்ப் பாட்டிலில் கொண்டுவரும் மருந்தை வாசலுக்குள் விடவே கூடாது. களைக்கொல்லியான கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களைத் தவிர மற்றவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. ஆனாலும் நடைபாதைக் களைக்கு அதை வாங்கிவந்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு வேப்பெண்ணெய்க் கரைசலும், மாவுப்பூச்சி கண்ட கிளையை வெட்டி அகற்றுவதும், வேகமான நீர்ப் பீய்ச்சலும் பெரும்பாலும் போதும். குழந்தைகள், நாய், மாடு வந்துபோகும் வீடானால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரிய மரத்தின் கிளைகளையும் அவரே வெட்டுவாரா?

வேண்டாம். உயரத்தில் ஏறி வெட்டுவது தனி வேலை, அதற்குக் கயிறும் பழக்கமும் உள்ள ஆட்கள் வேறு. மின்கம்பியை ஒட்டிய கிளையானால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி இணைப்பை நிறுத்தியபின்தான் கை வைக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்ற கேள்வியை, சங்கடமாக இருந்தாலும், ஏறுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

நாங்கள் வெளியூரில் இருக்கிறோம், பெற்றோர் மட்டும் மதுரை வீட்டில் இருக்கிறார்கள். எப்படிச் செய்வது?

இப்போது இந்த நிலையில்தான் பல வீடுகள் இருக்கின்றன. ஒரே வேலைக்கு நீங்களும் பெற்றோரும் தனித்தனியாக விலை பேசக் கூடாது. பணப் பேச்சு உங்களுடையது, அன்றாட வேலைச் சொல் வீட்டில் இருப்பவருடையது என்று தோட்டக்காரரிடமும் பெற்றோரிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படத்தை அனுப்பச் சொல்லலாம். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்பதால், வருகிறவருடைய ஆதார் நகலும் ஊர் முகவரியும் வாங்கி வைப்பதைத் தோட்டக்காரர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவரோடு கூட வரும் ஆட்கள் நாளுக்கு நாள் மாறினால் அதைப் பற்றிக் கேட்கலாம். குனிந்து களை எடுக்க இயலாத பெற்றோருக்கு, இடுப்பு உயரத்தில் கட்டிய நான்கு தொட்டிகளில் கீரையும் மல்லியும் வைத்துத் தருவது பெரிய புல்தரையைவிடப் பயனுள்ளது.

பாதியில் விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது?

முதலில் ஒரு வாரம் காத்திருந்து, ஊரில் துக்கமோ அறுவடையோ என்று விசாரியுங்கள். பிறகு, செய்த வேலை எவ்வளவு, கொடுத்த தொகை எவ்வளவு என்று எழுதி, முடிக்க ஒரு தேதி குறித்து அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், ஒப்பந்த அடிப்படையில் வேலை எடுத்தவராக இருக்கும் பட்சத்தில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் முறையிடலாம். தினக்கூலிக்கு உங்கள் ஆணையின்கீழ் வேலை பார்த்தவர் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார், அதனால்தான் அவருக்கு முன்பணமாகப் பெருந்தொகை கொடுக்க வேண்டாம் என்பது.

வேலையாட்களுக்குத் தேநீரும் சாப்பாடும் நாம் தர வேண்டுமா?

கூலி பேசும்போதே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது. காலையும் மாலையும் தேநீர் தருவது மதுரையில் எழுதாத வழக்கம். மதியச் சாப்பாடு பெரும்பாலும் அவர்களே கொண்டுவருவார்கள். தந்ததைக் கூலியில் கழிக்கக் கூடாது. குடிநீர், உட்கார நிழல், கழிப்பறை ஆகியவற்றுக்கு ஏற்பாடு இருக்க வேண்டும், வருபவர்களில் பெண்களும் இருப்பார்கள். வயதில் மூத்தவரை அண்ணே என்றோ ஐயா என்றோ அழைப்பதற்குப் பணம் செலவாகாது. கோடையில் மதியம் 12 மணிக்கு மேல் மண்வெட்டி பிடிக்கச் சொல்லாமல், காலை 6 மணிக்கே தொடங்கவிட்டால் வேலை கூடுதலாகவே நடக்கும். ஆனால் அதற்கு வாயிற்கதவைத் திறந்துவிட வீட்டில் ஒருவர் அந்த நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும்.